கொய்யா மரத்தடி மண்

பிப்ரவரி 5, புதன்

என் மகள் மோனிஷாவின் நோட்டில் மிச்சம் இருக்கும் பக்கங்களில் எழுதுகிறேன். முதல் பக்கத்தில் அவளே எழுதி வைத்திருக்கிறாள்: "தினமும் தொட்டியைப் பார்க்க வேண்டும். பார்த்ததை ஒரு வரியாவது எழுத வேண்டும்." பாதி நோட்டு வரைக்கும் எழுதியிருக்கிறாள். மீதி வெள்ளைத்தாள்.

நான் ஐந்தாவதோடு நின்றவள். அவள் எழுதிய ஒரு பக்கத்தை எழுத்துக் கூட்டிப் படிக்க எனக்கு அரை மணி ஆகிறது. எழுதுவது அதைவிட மெதுவாகத்தான் நடக்கும். பரவாயில்லை, மாவு அரைபடும் நேரத்தில் சும்மாதான் உட்கார்ந்திருக்கிறேன்.

அவள் போய் இன்றோடு இருபத்தேழு நாள். பதினோரு நாள் காய்ச்சல். வயது இருபது.

பார்த்தது: மீன்தொட்டி காலி. ஜன்னல் ஓரம் மேஜை மேல் இருக்கிறது. பதினாறாம் நாள் வீடு கழுவும்போது தொட்டியையும் கழுவிவிட்டார்கள். அடியில் அவள் போட்டிருந்த மண், அதில் வேர் பிடித்த செடி, எல்லாம் சாக்கடையில் போய்விட்டது. மீன்களை மட்டும் நீல வாளியில் எடுத்து விட்டிருக்கிறது. கப்பி மீன். எல்லாம் ஆண், வால் பெரியது.

மீன்: ஐந்து.

பிப்ரவரி 6

வாளியில் ஒன்று செத்து மிதந்தது. மீன்: நான்கு.

பிப்ரவரி 8, சனி

மத்தியானம் சாப்பிடும்போது என் வீட்டுக்காரருக்கு போன் வந்தது. சோழவரத்திலிருந்து அவர் அக்கா. அவர் பார்த்துவிட்டுக் கவிழ்த்து வைத்தார். மறுபடி அடித்தது.

"எடுக்கலையா?" என்றேன்.

"எதுக்கு? இன்னும் எத்தக் கழுவணுமாம்?"

அவருக்குக் கூடப் பிறந்தது நாகபூஷணம் அண்ணி ஒருவர்தான். தாய் இல்லாமல் இவரைத் தூக்கி வளர்த்தவர். அண்ணிக்குப் பிள்ளை கிடையாது, புருஷன் போய் ஆறு வருடம். இவரை விட்டால் ஆள் இல்லை. பதினாறாம் நாளிலிருந்து இவர் அண்ணியோடு பேசுவதில்லை.

"பொண்ணு வெச்சுட்டுப் போனது அது ஒண்ணுதான். அதையும் வாரி சாக்கடைல ஊத்திட்டா," என்று சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். பிறகு சிலிண்டர் வண்டிக்குக் கிளம்பிப் போய்விட்டார்.

நான் மாவு பாக்கெட் கட்டப் போனேன். இன்றைக்கு மாவு நன்றாகப் பொங்கியிருந்தது.

பிப்ரவரி 11, செவ்வாய்

கொளத்தூர் மீன்கடைக்குப் போனேன். மோனி எப்போதும் போகிற கடை, பிரான்சிஸ் என்பவருடையது. நோட்டைக் காட்டினேன்.

"மோனிஷாவோட அம்மாவா? எங்க அவ, ஒரு மாசமா ஆளையே காணோம். பரீட்சையா?"

சொன்னேன். அவர் கையிலிருந்த வலையைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டார். ஸ்டூலை இழுத்துப் போட்டு என்னை உட்காரச் சொன்னார்.

"உங்க பொண்ணு இங்க மீன் வாங்க வரமாட்டாம்மா. என்னோட சண்ட போடத்தான் வருவா. நான் பாக்கெட் மண்ணு வாங்கிக்கோன்னுவேன். 'வெறும் தோட்டத்து மண்ணே போதும் அங்கிள். நீங்க கடைய மூடிட்டு மாவு வித்துப் பொழைங்க, எங்கம்மா கத்துக் குடுப்பாங்க'ன்னுவா."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரு மாதத்தில் முதல் சிரிப்பு. அதற்கே கஷ்டமாக இருந்தது.

கூழாங்கல் போட்டு மீனை விட்டுவிடுங்கள், அதுதான் சுலபம் என்றார். மண் போட்டால் பொறுமை வேண்டுமாம். கீழே மண், மேலே மணல். மண்ணிலிருக்கும் சத்தைச் செடி எடுத்துக்கொள்ளும், மீன் அழுக்கையும் செடியே தின்றுவிடும். ஆனால் மண்ணைக் கலக்கினால் எல்லாம் போச்சு.

"எனக்கு மண்ணுதான் வேணும்," என்றேன்.

"ஏற்கெனவே இருந்துச்சேம்மா. சூப்பரா செட்டாயிடுச்சுன்னு போட்டோ காட்டுனாளே."

"கழுவிட்டாங்க."

"யாரு?"

"வீட்ல."

"ஒரு வருசத்து மண்ணு," என்றார் அவர்.

பிப்ரவரி 14

ரோட்டோர நர்சரியில் ஒரு பை மண் வாங்கினேன். கருப்பாக, பொலபொலவென்று நல்ல மண். பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மேலே மணல் தூவித் தண்ணீர் ஊற்றினேன். சரியாக வருகிறதா பார்க்கலாம் என்று ஒரு மீனை விட்டேன்.

பிப்ரவரி 15

மீன்: மூன்று.

பிப்ரவரி 18, செவ்வாய்

நோட்டில் இன்று படித்த பக்கம்: "நர்சரி மண் வேண்டவே வேண்டாம். சாணி உரம் கலந்திருப்பார்கள். தண்ணீர் விஷமாகி மீன் செத்துவிடும். அத்தை வீட்டுக் கொய்யா மரத்தடி மண்தான் பெஸ்ட். அது உரத்தையே பார்த்ததில்லை."

நான்கு நாள் முன்னால் இந்தப் பக்கத்தைப் படித்திருந்தால் அந்த மீன் பிழைத்திருக்கும். நான்தான் ஒரு நாளைக்கு ஒரு பக்கம், வரிசையாக, என்று வைத்திருக்கிறேன். வேகமாகப் படித்தால் நோட்டில் அவள் சீக்கிரம் முடிந்துவிடுவாள்.

அதே பக்கத்தின் கீழே: "மண்ணை வீட்டுக்குள் கொண்டுவந்ததற்கு அம்மா கத்தினாள். வீடா சேறா என்றாள். அத்தை போன் போட்டு சமாதானம் செய்தாள். அம்மா அத்தை சொன்னால் மட்டும் கேட்பாள்."

பிப்ரவரி 20

சோழவரம் போக முடியாது. கிரைண்டர் சத்தம் ஒரு மாதிரி வருகிறது. ஆளைக் கூப்பிட்டுப் பார்க்கவேண்டும். வெயிலும் ஏறிவிட்டது.

பிப்ரவரி 21

இன்றும் போகவில்லை. கிரைண்டர் ஒழுங்காகத்தான் ஓடுகிறது.

பிப்ரவரி 23, ஞாயிறு

போய்வந்தேன். அவரிடம் கடைக்கு என்று சொன்னேன்.

அண்ணி மரத்தடியில் உட்கார்ந்து கருவாட்டுத் தலையைக் கிள்ளிக்கொண்டிருந்தார். நான் கேட்டைத் திறந்ததும் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார்.

"யாரது?"

"நான்தான் அண்ணி. தனகோட்டி."

"கிட்ட வா. எல்லாம் பொகையாத்தான் தெரியுது."

கண்ணில் புரை. ஏப்ரல் எட்டாம் தேதி ஆபரேஷன் வைத்திருக்கிறார்களாம்.

"கூட ஒரு ஆளு வந்து கையெழுத்துப் போடணுமாம். இல்லாட்டி திருப்பி அனுப்பிடுவாங்களாம். போன தடவ அப்டித்தான் அனுப்பிட்டாங்க."

"யார் வராங்க?"

"எதிர்வீட்டுப் பொண்ணக் கேட்டு வெச்சிருக்கேன். கம்பெனில லீவு குடுத்தா வரேன்னுச்சு." கருவாட்டைத் தண்ணீரில் போட்டார். "அவன் சாப்புட்றானா?"

"சாப்பிட்றாரு."

"நீ?"

நான் பையை மடித்துக்கொண்டிருந்தேன். கொஞ்சம் மண் வேண்டும் என்றேன். எதற்கு என்று அண்ணி கேட்கவில்லை. முதலில் சோறு போட்டார். "துன்னு. எலும்புக்குப் பொடவ கட்டுனாப்புல கீற. பஸ்ல எவனாவது மண்டையோடுன்னு எறக்கி விட்டுடுவான்."

சாப்பிட்ட பிறகு களைக்கொத்தை எடுத்துக்கொண்டு அண்ணியே முன்னால் நடந்தார்.

"மேல் மண்ணு வாணாம். எல மக்கிக் கெடக்கும். மோனி ஒரு சாண் ஆழத்துல எடுப்பா. இந்தா பாரு, புள்ள தோண்டுன பள்ளம். நான் மூடல."

பள்ளம் இருந்தது. பக்கத்தில் அவள் உட்கார்ந்துகொள்கிற செங்கலும் இருந்தது. அதே பள்ளத்தில் எடுத்தோம். அண்ணிக்குக் கண் தெரியாததால் நான் கொத்தினேன், அண்ணி கையால் அள்ளிப் பையில் போட்டார்.

கிளம்பும்போது கேட் பக்கம் அண்ணி ஒன்று சொன்னார். அதை இன்றைக்கு எழுத முடியவில்லை.

பிப்ரவரி 26

நோட்டில் இருப்பதுபோலச் செய்கிறேன். மண்ணை பக்கெட்டில் ஊறப்போட வேண்டும். மேலே மிதக்கிற வேர், குச்சி எல்லாவற்றையும் வடித்துவிட வேண்டும். பிறகு மொட்டை மாடியில் விரித்துக் காயவைத்து, உதிர்த்து, மறுபடி ஊறப்போட வேண்டும். நான்கு தடவை. அப்போதுதான் மண்ணின் காரம் போகும் என்று எழுதியிருக்கிறாள்.

பக்கத்துப் போர்ஷன் ஷகிலா துணி காயப்போட வந்தாள். "இன்னாக்கா, மண்ணுல வடகம் போட்றியா? காஞ்சதும் எனக்கு அரை கிலோ எடுத்து வை." பிறகு எதற்கென்று தெரிந்ததும் தன் துணிகளைத் தள்ளிப் போட்டு வெயில் விட்டாள்.

சாயங்காலம் அவரும் பார்த்தார். "எங்க வாங்குன?"

"நர்சரில," என்றேன்.

மார்ச் 2, ஞாயிறு

இரண்டாவது தடவை காய்ந்தது. கட்டியாக இருந்ததால் மாவுச் சல்லடை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். எனக்கு முன்னால் அவர் அங்கே குந்தியிருந்தார். சல்லடையை வாங்கி அவரே சலித்தார். அவர் மண்ணைத் தொடுவது எனக்குப் பிடித்திருந்தது.

பாதியில் நிறுத்திவிட்டு எதையோ பொறுக்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். சுண்டுவிரல் நகம் அளவு ஒரு நத்தை ஓடு. வெள்ளையாக வெளுத்துப்போனது.

"ஏரி ஒடஞ்ச வருசம் தண்ணி வீட்டுக்குள்ள வந்துச்சு. அப்ப வந்த நத்த. எங்க வீட்டு மண்ணு பூரா இதான் இருக்கும். நானும் அக்காவும் இத வெச்சு சோழி ஆடுவோம்," என்றார்.

நான் மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நல்ல நர்சரிதான்," என்று ஓட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார்.

மார்ச் 9

நாலாவது தடவையும் காய்ந்துவிட்டது. முகர்ந்து பார்த்தேன். முதல் மழை வாசனை மட்டும்தான் வரவேண்டும் என்று எழுதியிருக்கிறாள். அதுதான் வருகிறது.

மார்ச் 12, புதன்

தொட்டி போட்டேன்.

மண்ணைச் சேறு போலக் குழைத்து, கட்டைவிரல் ஒரு கணு உயரத்துக்குப் பரப்பினேன். மேலே கழுவின மணல், அதுவும் ஒரு கணு. பிரான்சிஸ் கொடுத்த செடிகளை விரலால் குழி போட்டு நட்டேன். ரிப்பன் மாதிரி நீள இலைச் செடி ஒரு டஜன், இன்னும் இரண்டு சாதி. செடி நிறைய வேண்டும் என்றார். காசு கொடுத்தேன், வாங்காமல் கையை எடுத்துக்கொண்டார்.

மணல் மேல் ஒரு சாப்பாட்டுத் தட்டை வைத்து அந்தத் தட்டின் மேல் தண்ணீர் ஊற்ற வேண்டும், டம்ளர் டம்ளராக. நேராக ஊற்றினால் மணல் குழிந்து மண் எழும்பிவிடும். அறுபது டம்ளர் வரை எண்ணினேன். அப்புறம் எண்ணவில்லை. சேறு எழும்பவில்லை.

மோனி இதைச் செய்தபோது நான் இதே இடத்தில் நின்று, "மீனுக்கு இலை போட்டுப் பரிமாறுறியா?" என்று கேட்டேன். அவள், "நீயும் உக்காரு, ரெண்டாம் பந்தி," என்றாள்.

மார்ச் 16

தண்ணீர் டீ கலருக்கு மாறிவிட்டது. இலைகள் கண்ணாடி போல ஆகி அழுகுகின்றன. பிரான்சிஸுக்கு போன் செய்தேன். "அப்படித்தாம்மா ஆவும். பாதித் தண்ணிய மாத்துங்க. செடி பழைய எலையக் கழட்டிட்டுப் புதுசு விடும். மீன மட்டும் இப்ப விட்றாதீங்க, கால்ல விழுறேன்."

மீன்: மூன்று, வாளியில்.

மார்ச் 20

மண்ணுக்குள்ளிருந்து குமிழி வருகிறது. பயந்துபோனேன். நோட்டில் பார்த்தேன்: "மண் மூச்சு முட்டினால் ஈர்க்குச்சியால் மெதுவாகக் குத்த வேண்டும். கிளறக் கூடாது. குத்தி எடுக்க வேண்டும்."

குத்தினேன். ஒரு பெரிய குமிழி வந்து உடைந்தது. அழுகின முட்டை நாற்றம். இன்னொரு இடத்தில் குத்தினேன், அங்கே நாற்றமில்லை. புளித்த மாவைக் கரண்டியால் தொட்டால் காற்று போகுமே, அப்படித்தான் இருந்தது. எனக்குத் தெரிந்த வேலைதான்.

மார்ச் 27, வியாழன்

நோட்டில் அவள் எழுதிய கடைசிப் பக்கம் இன்று முடிந்தது. டிசம்பர் 30. "உடம்பு சுடுகிறது. ரிப்பன் செடி மூன்று குட்டி போட்டிருக்கிறது. தண்ணீர்: தெளிவு. மீன்: 9." அவ்வளவுதான்.

இதற்குமேல் அவள் சொன்னதை நான்தான் எழுத வேண்டும். ஆஸ்பத்திரியில் ஐந்தாம் நாள். வாய் உலர்ந்திருந்தது. நான் ஸ்பூனால் தண்ணீர் கொடுத்தேன். "அம்மா, தொட்டிய ஒண்ணும் பண்ணாத. தீனி மட்டும் ஒரு சிட்டிகை போடு. மண்ணக் கலக்கிடாத," என்றாள். "சரிடி, உன் மண்ணை எவன் தொடறான்," என்றேன்.

பதினாறாம் நாள் காலையில் அண்ணி கூடத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர் வாடகைப் பாத்திரங்களைத் திருப்பிக் கொடுக்கப் போயிருந்தார். அவள் பாய், போர்வை, துணி எல்லாவற்றையும் எடுத்தாகிவிட்டது. நான் தொட்டிப் பக்கம் வந்தேன். நாலு மீன் செத்துக் கிடந்தன. ரிப்பன் செடி இன்னொரு குட்டி போட்டிருந்தது. பச்சையாக, புதுசாக ஒரு இலை. அவளில்லாத வீட்டில் அது மட்டும் வளர்ந்துகொண்டிருந்தது. என்னால் பார்க்க முடியவில்லை.

மிச்சம் இருந்த மீனை அள்ளி வாளியில் விட்டேன். மண்ணை இரண்டு கையாலும் வாரினேன். வேர்கள் பின்னிப் பாய் போல வந்தன. யாரும் சொல்லவில்லை. அண்ணி, "தனம், வாணாம், வாணாம்," என்றுதான் சொன்னார். நான்தான் கழுவினேன்.

அவர் உள்ளே வந்தபோது அண்ணி கையில் துடைப்பமும் ஈரப் புடவையுமாக நின்றார். தொட்டி வாசலில் கவிழ்ந்திருந்தது. "யாரு பண்ணது?" என்று கேட்டவர் பதிலுக்கு நிற்கவில்லை, அண்ணியைப் பிடித்துக்கொண்டார். பேசக் கூடாததெல்லாம் பேசினார். பிள்ளை பெறாதவளுக்கு என்ன தெரியும் என்றுகூடச் சொன்னார். அண்ணி பதில் பேசவில்லை. நானும் பேசவில்லை.

மார்ச் 30

அன்றைக்கு சோழவரத்தில் கேட் பக்கம் அண்ணி சொன்னது: "நான் கழுவுனதாவே இருக்கட்டும் தனம். எம்மேல அவனுக்குக் கோவம் இருந்தா, உங்கூட ஒழுங்கா இருப்பான். இப்ப நீங்க ரெண்டு பேரும் பேசாம இருந்தீங்கன்னா அந்த வீட்டுல யாரு இருக்கா?"

பழைய இலைகள் எல்லாம் போய்விட்டன. நடுவிலிருந்து புது இலை வந்திருக்கிறது. ஏப்ரல் எட்டுக்கு ஒன்பது நாள் இருக்கிறது.

ஏப்ரல் 1

அண்ணிக்கு போன் செய்தேன். எதிர்வீட்டுப் பெண்ணுக்கு லீவு கிடைக்கவில்லை. நான் வருகிறேன் என்றேன். "அவனுக்குத் தெரியாம வந்து கையெழுத்துப் போடுவியா? வாணாம். அடுத்த தடவ பாத்துக்கலாம். கண்ணு எங்க ஓடிடப்போவுது," என்று சிரித்தார்.

ஏப்ரல் 2, புதன்

சொல்லிவிட்டேன்.

காலையில் டீ கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தேன். "தொட்டியக் கழுவுனது அண்ணி இல்ல. நான்," என்றேன். மண் எங்கிருந்து வந்தது என்பதையும் சொன்னேன்.

அவர் டீயைக் கீழே வைத்தார். தொட்டியைப் பார்த்தார்.

"நர்சரி இல்லன்னு அன்னிக்கே தெரியும். அக்கா மனசு கேக்காம குடுத்தனுப்புனான்னு நெனச்சேன்," என்றார். பிறகு, "ஏன் கழுவுன?"

"அது மட்டும் வளந்துக்கினே இருந்துச்சு."

தலையை ஆட்டினார். அதை அவர் புரிந்துகொண்டார் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் கிளம்பும்போது வாசலில் நின்று, முகத்தைத் திருப்பாமல் சொன்னார்:

"நான் அக்காவ அவ்ளோ பேசுனேன். நீ அங்கதான நின்னுக்கினு இருந்த."

ஏப்ரல் 3

சாப்பிடாமல் போனார்.

ஏப்ரல் 4

சாப்பிட்டார். பேசவில்லை. தண்ணீர்: டீ கலர் குறைந்திருக்கிறது.

ஏப்ரல் 6

பேசவில்லை. ஈர்க்குச்சியால் குத்தினேன். நாற்றம் இல்லை.

ஏப்ரல் 8, செவ்வாய்

காலை ஐந்தரைக்கு அவர் குளித்துவிட்டு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டார். சிலிண்டர் வேலைக்குப் போடுகிற சட்டை இல்லை. எங்கே என்று நான் கேட்கவில்லை. ஃபிளாஸ்க்கை எடுத்தார், நான் வாங்கி வெந்நீர் ஊற்றிக் கொடுத்தேன். ஒரு தலையணை உறையும் துண்டும் வைத்தேன்.

நாளைக்குத்தான் அனுப்புவார்களாம். ராத்திரி எனக்கு போன் செய்து, "ஆச்சு," என்று மட்டும் சொன்னார். பின்னால் அண்ணி குரல்: "வாளில இருக்குதே அந்த மீனுக்குத் தீனி போட்டாளான்னு கேளு."

"போட்டியா?" என்று கேட்டார்.

"போட்டேன்," என்றேன்.

ஏப்ரல் 9

அண்ணியை இங்கேயே கூட்டிவந்துவிட்டார். கருப்புக் கண்ணாடி. நான் காலில் விழப்போனேன். "ஐய, எழுந்திரு. குனியக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கான், உன்னத் தூக்கிவிட என்னால ஆவாது," என்றார்.

ஏப்ரல் 13, ஞாயிறு

தொட்டி போட்டு ஒரு மாதம் ஆகிவிட்டது. பிரான்சிஸ் நேற்று வந்து தண்ணீரைச் சோதித்துப் பார்த்துவிட்டு மீனை விடலாம் என்றார்.

கவரில் மீனை எடுத்து, கவரோடு தொட்டியில் மிதக்கவிட்டேன். தண்ணீரின் சூடு பழக வேண்டும், அவள் எழுதியிருக்கிறாள். அண்ணி நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பார்த்தார். "இவ்ளோ பச்சயா இருக்கும்னு புள்ள சொல்லவே இல்ல," என்றார். மோனி எத்தனையோ தடவை காட்டியிருக்கிறாள். அப்போது அண்ணிக்குப் புகையாகத்தான் தெரிந்திருக்கும்.

ஓரத்தில் ஒரு செடி வேர் கழன்று மிதந்தது. அவர் முழங்கை வரைக்கும் கையை விட்டு அதைத் திரும்ப நட்டார். விரல் ஆழமாகப் போய்விட்டது போல. மணலுக்குள்ளிருந்து மண் புகை மாதிரி எழும்பியது. ஒரு பக்கம் முழுக்கச் சேறு. அவரே பயந்துவிட்டார்.

"கைய எடுக்காத. இழுத்தா இன்னும் எழும்பும்," என்றார் அண்ணி.

அவர் கையை அப்படியே வைத்துக்கொண்டு நின்றார். "எவ்ளோ நேரம்?" என்று என்னைக் கேட்டார். பதினோரு நாள் கழித்து அவர் என்னிடம் முகம் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி.

"படியற வரைக்கும்," என்றேன்.

அண்ணி அவருக்குப் பின்னால் ஸ்டூலைத் தள்ளச் சொன்னார். தள்ளினேன். அவர் உட்கார்ந்தார். மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். குக்கர் இரண்டு விசில் அடித்தது. யாரும் எழுந்து போகவில்லை.

மண் படிந்ததும் கவரை அவிழ்த்து மீனை விட்டேன். சோறு குழைந்துவிட்டது. அதைத்தான் சாப்பிட்டோம்.

தண்ணீர்: தெளிவு. மீன்: 3.